உப்புத் தண்ணியில் கட்டின வீடு: யார்கிட்ட போய்க் கேட்கிறது?

நம்மில் யாரும் இப்போதைக்கு வீடு வாங்கப் போறதில்லை. பிளேஸ்மென்ட்டே இன்னும் முடியலை. ஆனா இதைப் படிக்கிற பலரோட வீட்டில் அப்பாவோ மாமாவோ கடந்த நாலஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு வீடு வாங்கியிருப்பாங்க. ஷூ கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துச் சேர்ந்த பி.எஃப். பணம், அம்மாவோட நகை, மிச்சத்துக்கு இருபது வருஷ பேங்க் லோன். அந்த வீட்டில் ஒரு விரிசல் தெரிஞ்சதும் முதல்ல கூப்பிடறது உங்களைத்தான். "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, வந்து பாரு." நான் ஈ.சி.ஈ.ன்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

அந்த ஃபோன் வரும்போது என்ன பார்க்கணும், யார்கிட்ட போகணும், எத்தனை நாளுக்குள்ள போகணும் என்பதுதான் இந்தக் கட்டுரை. புதுசா வாங்கின வீட்டில் குறை தெரிஞ்சா சட்டத்தில் வழி இருக்கு. ஒன்னு இல்லை, மூணு நாலு இருக்கு. ஆனா ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு இருக்கு. நம்ம பாலாறு பெல்ட்டில் வீட்டை உள்ளிருந்து அரிக்கிற குறையோ, பெரும்பாலும் அந்தக் கெடு முடியற நேரத்துக்குத்தான் வெளியே தலைகாட்டும். அதனால சட்டத்துக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணியைப் பத்திப் பேசணும்.

கான்கிரீட்டுக்குள்ள போன பாலாறு

தோல் ஷாப்புக்கு வர்ற மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் அழுகாம இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஷாப்பில் முதல் வேலையே அந்த உப்பைத் தண்ணியில் ஊறவெச்சு எடுக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம்ம பெல்ட் முழுக்க அந்தத் தண்ணி பல பத்து வருஷம் ஏரிக்கும் ஆத்துக்கும் போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னு அறிவிச்சது அந்தத் தீர்ப்புதான். சுற்றுச்சூழல் பேப்பரில் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்பீங்க. அது நம்ம ஊர் வழக்குன்னு எத்தனை பேர் கவனிச்சோம்னு தெரியலை. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தாலும், கரைஞ்ச உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது, அதுக்கு ஆர்.ஓ. வேணும். நிலத்தடிக்குள்ள ஏற்கனவே இறங்கினது இன்னும் பல போர்வெல்லில் இருக்கு.

இப்போ அதே போர் தண்ணியில் கான்கிரீட் கலக்கிறதா வெச்சுக்குங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கிற தண்ணியில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாதுன்னு ஐ.எஸ். 456:2000 சொல்லுது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடும். இந்த வித்தியாசத்திலேயே விஷயம் இருக்கு. உப்பு கான்கிரீட்டை விடக் கம்பிக்குத்தான் எமன்.

அதே கோடு இன்னொரு வரம்பும் வெச்சிருக்கு. சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 190 லிட்டர் தண்ணி போகுதுன்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. தண்ணியில் 500 மில்லிகிராம் இருந்தா உள்ளே போகிற குளோரைடு 0.095 கிலோ, பயமில்லை. 2,000 இருந்தா 0.38 கிலோ, வரம்பில் பாதிக்கு மேல் தண்ணியிலேயே தீர்ந்தது. 3,200-ஐ எட்டினா மணலையும் ஜல்லியையும் எண்ணாமலே வரம்பு முடிஞ்சது. இதுவும் அளந்து ஊத்தினாத்தான். சைட்டில் கலவை இறுகினா மேஸ்திரி இன்னொரு வாளி ஊத்தச் சொல்வாரே, அது இந்தக் கணக்கில் வராது. அப்புறம் ஏழு நாளோ பத்து நாளோ தளத்தில் பாத்தி கட்டி நனைக்கிறதும் அதே தண்ணிதான்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பிமேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் நிற்கும். குளோரைடு அதை அங்கங்கே குத்தி உடைக்கும். அப்புறம் துரு. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுத்துக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ஆனா இது ஒரே ராத்திரியில் நடக்காது. ரெண்டு மூணு வருஷம் வெளியே ஒன்னும் தெரியாது. பெயின்ட் பளபளன்னு இருக்கும், கிரகப்பிரவேச ஃபோட்டோவில் எல்லாம் அழகா இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்க குருகிராமைப் பார்க்கலாம். செக்டர் 109-ல் சிந்தெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடி. 2022 பிப்ரவரி 10-ம் தேதி டி டவரில் ஆறாவது மாடி ஃபிளாட் ஒன்னோட தளம் இடிஞ்சு, கீழே இருந்த தளங்களையும் ஒன்னொன்னா இழுத்துக்கிட்டு விழுந்தது. ரெண்டு பெண்கள் இறந்தாங்க. டெல்லி ஐ.ஐ.டி. சோதிச்சுப் பார்த்துச் சொன்னது: கட்டும்போதே கான்கிரீட்டுக்குள்ள போன குளோரைடு, அதனால் வேகமா அரிச்ச கம்பி, பழுது பார்த்துக் காப்பாத்த முடியாத நிலைமை. அடுத்தடுத்து மற்ற டவர்களும் குடியிருக்கத் தகாததுன்னு அறிவிக்கப்பட்டன. அதுவும் சாதாரண வீடு இல்லை, கோடிக்கணக்கில் விலை போன ஃபிளாட். விலை கூடினா தண்ணி நல்லதா இருக்கும்னு யாரும் நினைக்க வேண்டாம்.

விரிசலைப் படிக்கிறது

எல்லா விரிசலுக்கும் வக்கீலைத் தேட வேண்டாம். பூச்சில் சிலந்தி வலை மாதிரி மயிரிழைக் கோடுகள் வந்தா அது பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கினது. பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நேர்க்கோடா ஒரு பிளவு வந்தா, ரெண்டு வேற பொருள் சேர்ற இடத்தில் வலை அடிக்காம பூசியிருக்காங்க. அசிங்கம், ஆனா ஆபத்தில்லை. ஜன்னல் மூலையில் இருந்து சாய்வா ஓடுற விரிசல், நாளுக்கு நாள் அகலமானா, அஸ்திவாரம் இறங்குதான்னு பார்க்கணும். தரையில் இருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்குச் சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிஞ்சா ஓதம், அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு சரியா போடலை. கூரையிலோ பீமிலோ பில்லரிலோ கம்பி ஓடுற திசையிலேயே நீளமா விரிசல், அதில் பழுப்புக் கறை, தட்டினா டொப்புன்னு பொள்ளல் சத்தம், இதுதான் மேலே சொன்ன வியாதி. பூச்சு பெயர்ந்து விழுதுன்னா முதல்ல அந்த ரூமில் படுக்கிறதை நிறுத்துங்க, தேவைப்பட்டா சென்ட்ரிங் முட்டு குடுங்க. கேஸ் எல்லாம் அப்புறம்.

ஆபத்தில்லாத குறையையும் சட்டம் குறைன்னுதான் பார்க்குது. பாத்ரூம் ஒழுகல், சரிவு இல்லாத மொட்டை மாடி, பேசினது ஒன்னு போட்டது ஒன்னுன்னு வந்த கம்பி, இதுக்கெல்லாமும் கேட்கலாம்.

யார் வித்தாங்க?

எந்தக் கதவைத் தட்டறதுன்னு முடிவு பண்றது விரிசல் இல்லை, பத்திரம். பழைய வீட்டை அதன் சொந்தக்காரர்கிட்ட வாங்கினீங்களா, கட்டி விற்கிற பில்டர்கிட்ட வாங்கினீங்களா, சொந்த மனையில் மேஸ்திரிக்கோ கான்ட்ராக்டருக்கோ விட்டுக் கட்டினீங்களா? மூணும் மூணு பாதை.

எல்லாரும் முதல்ல சொல்ற பேரு ரெரா. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 14(3) பிரிவு தெளிவா இருக்கு. வீட்டை ஒப்படைச்ச நாளில் இருந்து ஐந்து வருஷத்துக்குள்ள, கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ இருக்குன்னு பில்டர் கவனத்துக்குக் கொண்டு போனா, காசு வாங்காம 30 நாளில் அவர் சரி பண்ணித் தரணும். பண்ணலைன்னா நஷ்ட ஈடு. ஒப்பந்தத்தில் 'ஒரு வருஷம்தான் வாரண்டி'ன்னு சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் சட்டத்தோட ஐந்து வருஷம்தான் செல்லும். பில்டர்கிட்ட வாங்கினவர் உங்களுக்கு மறுபடி வித்திருந்தாலும், ஒதுக்கீடு பெற்றவர் என்பதற்கான விளக்கத்திலேயே பின்னால் வாங்கினவரையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கு. எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் குடுக்கலாம். நஷ்ட ஈட்டை முடிவு பண்ண அங்கேயே தீர்ப்பு அதிகாரின்னு தனியா ஒருத்தர் உண்டு. உத்தரவு வந்தும் பணம் தரலைன்னா வருவாய் பாக்கி மாதிரி வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு.

கேட்க நல்லா இருக்கு இல்ல? சிக்கல் என்னன்னா, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது எட்டு வீட்டைத் தாண்டாத ப்ராஜெக்டுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர்னா நம்ம கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் காட்பாடி சுத்துவட்டாரத்திலும் விற்கிற தனி வீடு பெரும்பாலும் ரெண்டு சென்ட், மூணு சென்ட். சென்னை ஃபிளாட்டை மனசில் வெச்சு எழுதின சட்டம் மாதிரி எனக்குத் தோணுது, நம்ம ஊர் தனி வீடு அதன் வாசலிலேயே நின்னுடுது.

விளம்பரத்தில் ரெரா நம்பர் இருக்கேன்னு கேட்பீங்க. நம்பரை நல்லாப் படிங்க. அது லேஅவுட்டுக்கு வாங்கினதா, பில்டிங்குக்கு வாங்கினதான்னு அந்த நம்பருக்குள்ளேயே தெரியும். மனைப்பிரிவைப் பதிவு பண்ணினவர் ரோடுக்கும் வடிகாலுக்கும் பொறுப்பு. அந்த மனையில் வேற ஒருத்தர் கட்டி வித்த வீட்டோட பீமுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். இன்னொரு விஷயம்: சின்ன தனி வீடுகளுக்குத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் கட்டி முடித்த சான்றிதழ் கேட்கிறதில்லை. பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தாரேன்னு அப்பா சொல்வார். அவர் பார்த்தது வீட்டோட மதிப்பை, கான்கிரீட்டோட தரத்தை இல்லை. ஆக, அந்த வீட்டைக் கட்டினவரைத் தவிர யாரும் உள்ளே என்ன போச்சுன்னு பார்த்திருக்க மாட்டாங்க.

நுகர்வோர் ஆணையம்: நம்ம ஊருக்கு இதுதான் பெரிய கதவு

வீடு கட்டித் தர்றது ஒரு சேவை. இன்னைக்கு இது சாதாரணமா தெரியுது, ஆனா இதுக்கே ஒரு பெரிய சண்டை நடந்தது. லக்னோ வளர்ச்சி ஆணையம், வீடு ஒதுக்கினவங்களுக்கு முடிக்காத வீட்டைக் குடுத்துட்டு, நாங்க சேவை செய்யற கடை இல்லை, எங்கமேல் நுகர்வோர் வழக்கு போட முடியாதுன்னு வாதாடினது. 1993 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. வீட்டு வசதியும் சேவைதான், தரமில்லாத பொருளைப் போட்டுக் கட்டினா அது சேவைக் குறைபாடுன்னு சொன்னது. அதே வருஷம் சட்டத்திலும் வீடு கட்டுமானம் என்ற சொல் சேர்ந்தது. 2019 சட்டத்திலும் அது தொடருது.

இதனால் மூணு சென்ட் தனி வீடும் உள்ளே வருது, சொந்த மனையில் கான்ட்ராக்டுக்கு விட்டுக் கட்டின வீடும் வருது. குடுத்த விலை 50 லட்சம் வரைன்னா மாவட்ட ஆணையம், அதுக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினா டெல்லி. முன்னாடி மாவட்டத்துக்கு ஒரு கோடி வரை இருந்தது, 2021 டிசம்பர் விதியில் குறைச்சுட்டாங்க, பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் போகாதீங்க. ஃபீஸ்: 5 லட்சம் வரை ஒன்னுமில்லை, 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பில்டர் ஆபீஸ் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் சரி. ஆன்லைனிலும் தாக்கல் பண்ணலாம். வக்கீல் கட்டாயமில்லை, அப்பாவே நின்னு பேசலாம். இருந்தாலும் எதிர்ப் பக்கம் வக்கீல் வருவார், அதனால் நல்லவர் ஒருத்தரைப் பிடிக்கறதுதான் என் கட்சி.

ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான்'னு எழுதியிருக்கே என்பாங்க. அது நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காதுன்னு எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் முடிச்சு வெச்சிருக்கு. ரெரா பதிவு உள்ள வீடா இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம்னு 2020-ல் இம்பீரியா வழக்கிலும் சொல்லியாச்சு. ஒரே பரிகாரத்தை ரெண்டு இடத்திலும் கேட்க முடியாது, ஒன்னைத் தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டு இடத்தில் ஜாக்கிரதை. முதல்ல, கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷம். ரெரா மாதிரி ஐந்து இல்லை. குறை எப்போ தெரிஞ்சதோ அன்னைக்குத்தான் காரணம் எழுந்ததுன்னு நீங்க சொல்வீங்க, சாவி வாங்கின அன்னைக்கேன்னு பில்டர் சொல்வார். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினா ஆணையம் பொறுத்துக்கலாம், ஆனா அதை நம்பி உட்கார முடியாது. பில்டர்கள் பலருக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். எங்க சொந்தத்தில் ஒரு வீட்டில் சன்ஷேட் பெயர்ந்து விழுந்தப்போ, கட்டினவர் ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லலை. "அடுத்த மாசம் ஆள் அனுப்பறேன் அண்ணே", "ஆடி முடியட்டும்", "பசங்க பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்காங்க." இப்படியே ஒன்னரை வருஷம் ஓடிப் போச்சு. நோட்டீஸ் அனுப்பினதாலோ அவர் சரின்னு சொன்னதாலோ அந்த இரண்டு வருஷம் தானா நீண்டுடாது.

இரண்டாவது, பத்திரத்தில் எழுதின தொகை. நம்ம பக்கம் நிலத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், வீட்டுக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம்னு ரெண்டு பேப்பர் போடுவாங்க. சில சமயம் இரண்டாவது பேப்பரே இருக்காது. ஒரு பங்கு ரொக்கமா கை மாறியிருக்கும், முத்திரைத் தீர்வை மிச்சம்னு சந்தோஷப்பட்டிருப்பாங்க. இப்போ 38 லட்சம் குடுத்த வீட்டுக்குக் கையில் 21 லட்சத்துக்குத்தான் காகிதம் இருக்கும். ரொக்கமா குடுத்ததை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். கட்டுமானம்னு ஒரு வார்த்தையும் இல்லாத வெறும் நிலக் கிரயம்னா இன்னும் மோசம், இது வெறும் விற்பனை, சேவையே இல்லைன்னு எதிர்த்தரப்பு நிற்கும். வீட்டில் யாராவது இப்போ வாங்கப் போறாங்கன்னா, கட்டுமான ஒப்பந்தத்தைத் தனியா எழுதி, கம்பி, சிமென்ட், கான்கிரீட் கிரேடு, தண்ணி எதுன்னு அதில் போடச் சொல்லிச் சண்டை போடுங்க. பணத்தைப் பேங்க் வழியா குடுங்க.

பழைய வீட்டைத் தனி ஆள்கிட்ட வாங்கினவங்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவங்களுக்கு 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்கறவர் சாதாரணக் கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை இருந்தா, விற்கிறவர் அதைச் சொல்லியே ஆகணும். தெரிஞ்சே மறைச்சார்னு காட்ட வேண்டியது உங்க வேலை. விற்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கூரையில் மட்டும் புதுப் பூச்சு, புது ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா அந்த பில்லைத் தேடுங்க. இது சிவில் கோர்ட், பொதுவா மூணு வருஷக் கெடு, மோசடி இருந்தா அது தெரிஞ்ச நாளில் இருந்து எண்ணலாம். கோர்ட் கட்டணம் கேட்கிற தொகையில் 3 சதவீதம், நேரமும் அதிகம்.

போலீஸ்? ஏமாத்துன்னு புகார் குடுக்கலாம், ஆனா மட்டமான வேலை வேற, ஆரம்பத்திலேயே ஏமாத்தும் எண்ணம் வேற. ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்'னு சொல்லி அனுப்பிடுவாங்க, பல நேரம் அது சரியும்கூட.

"ஊர் தண்ணியே இப்படித்தான் சார்"

நம்ம பெல்ட்டில் பில்டர் எடுக்கிற கடைசி ஆயுதம் இது. தண்ணி கெட்டதுக்கு தோல் ஷாப் காரணம், நான் என்ன பண்ணுவேன்? ஒரு நிமிஷம் நியாயம்னுகூடத் தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. தண்ணி உப்புன்னு ஊருக்கே தெரியும், சின்னப் பிள்ளைகூடக் குடிச்சதும் துப்பும். அப்போ கட்டறவருக்கும் தெரியும். சந்தேகம் இருந்தா சோதிச்சுப் பார்க்கணும்னு கோடு சொல்லுது, வரம்பைத் தாண்டினா லாரி தண்ணி வாங்கணும். ஒரு தளம் போட எத்தனை லாரி தண்ணி ஆகும், அந்த வீட்டு விலையில் அது எத்தனை பங்குன்னு கணக்குப் போட்டா அவர் மிச்சம் பிடிச்சது எவ்வளவு சின்னத் தொகைன்னு தெரியும். தண்ணியைக் கெடுத்தது அவர் இல்லைதான். தெரிஞ்சே அதைக் கான்கிரீட்டில் ஊத்தினது அவர்தான்.

அடுத்து சொல்வார்: உப்பு அப்புறம்தான் ஏறியிருக்கும், நீங்க அதே போர் தண்ணியில் மாடியைக் கழுவியிருப்பீங்க. இங்கேதான் நம்ம படிப்பு உதவும். கான்கிரீட்டில் துளை போட்டு, மேல்பரப்பில் இருந்து உள்நோக்கி அடுக்கடுக்கா தூளை எடுத்துக் குளோரைடை அளந்தா ஒரு கிராஃப் வரும். வெளியில் இருந்து ஏறின உப்புன்னா மேலே அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். கலக்கும்போதே போனதுன்னா ஆழம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கும். அந்தக் கோடு படுத்திருக்கா சரிஞ்சிருக்கா என்பது, நூறு பக்க வாதத்தை விடப் பலமா பேசும்.

விரிசல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரை மின்கலச் சோதனைன்னு ஒன்னு இருக்கு, செம்பு-செம்பு சல்பேட் மின்முனையைக் கான்கிரீட்மேல் வெச்சுக் கம்பியோட மின்னழுத்தத்தை அளப்பாங்க. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனா அங்கே துரு பிடிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பலத்துக்குக் கோர் எடுக்கணும். குறைஞ்சது மூணு கோர், அவற்றின் சராசரி கிரேடில் 85 சதவீதமாவது வரணும், எந்தத் தனிக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம்20-ன்னு எழுதிக் குடுத்திருந்தா, சராசரி 17, தனியா 15 மெகாபாஸ்கல். ரீபவுண்ட் ஹாமர் சீக்கிரம் முடியும், ஆனா அதை மட்டும் வெச்சு வழக்கு நிற்காது.

ரிப்போர்ட்டில் நம்ம கையெழுத்து செல்லாது என்பதையும் புரிஞ்சுக்கணும். அங்கீகாரம் பெற்ற லேபோ, கல்லூரியோட கன்சல்டன்சி பிரிவோ லெட்டர்ஹெட்டில் தரணும், தந்தவர் தேவைப்பட்டா ஆணையத்தில் வந்து பதில் சொல்லணும். சோதனைக்கு நாள் குறிச்சு பில்டருக்கும் எழுத்தில் சொல்லிடுங்க. வந்தா நல்லது, வரலைன்னா அதுவும் நமக்குச் சாட்சி. ஆணையத்தையே கேட்டு, வழக்கறிஞர் ஆணையரைப் பொறியாளரோட வீட்டுக்கு அனுப்ப வைக்கலாம். அதுவரைக்கும் விரிசலைப் பூசி மறைக்காதீங்க. உறவுக்காரங்க வர்றாங்கன்னு அம்மா பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கச் சொல்வாங்க, கெஞ்சியாவது நிறுத்துங்க. ஸ்கேல் வெச்சு, தேதியோட ஃபோட்டோ, மாசா மாசம் அதே இடத்தில். பில்டரோட வாட்ஸ்அப் பேச்சு இருக்கிற ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போட்டுடாதீங்க, ஸ்கிரீன்ஷாட்டை விட அந்த ஃபோன்தான் பின்னால் கேட்கப்படும்.

நோட்டீஸ் எழுதும்போது கோபத்தைக் குறைச்சு, தகவலைக் கூட்டுங்க. ஒப்படைச்ச தேதி, எந்த ரூம், எந்த பீம், எத்தனை மில்லிமீட்டர், எப்போ முதலில் தெரிஞ்சது, என்ன கேட்கிறோம், எத்தனை நாளில். ஒப்புகை வர்ற தபாலில் அனுப்புங்க, அதே நகலை மெயிலிலும் போடுங்க. கேட்கிறது பழுது பார்க்கும் செலவு மட்டும் இல்லை. வேலை நடக்கும்போது வெளியே தங்கற வாடகை, சோதனைக்குக் குடுத்த காசு, மன உளைச்சல், வழக்குச் செலவு, பழுது பார்க்கவே முடியாதுன்னா விலையைத் திருப்பித் தரச் சொல்றது, எல்லாம் கேட்கலாம். லோன் ஈ.எம்.ஐ.-யை மட்டும் நிறுத்தாதீங்க. பில்டர் மேல் இருக்கிற கோபம் பேங்குக்குப் புரியாது.

வீடு இன்னும் கட்டி முடியலை, அட்வான்ஸ் மட்டும்தான் குடுத்திருக்குன்னா உங்க வேலை ரொம்பச் சுலபம். ரெண்டு லிட்டர் சுத்தமான கேன் ஒன்னு எடுங்க, சைட்டில் கலவைக்கு எடுக்கிற அதே தொட்டித் தண்ணியில் மூணு தடவை அலசிட்டு, வாய்வரை நிரப்பி, தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்க. குளோரைடு, சல்பேட், பி.எச். மூணும் பார்க்கச் சொல்லுங்க. நம்ம என்விரான்மென்டல் லேபில் மதியம் ரெண்டு மணிக்கு மேல் போனா டெக்னீஷியன் அண்ணன் இருக்க மாட்டார், காலையிலேயே போயிடுங்க.